இன்னும் கொஞ்சம் கூட்டுங்க

ஜனவரி 12

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் கேட்பது முறை. கேட்டாயிற்று.

உன் முகவரியை உன் சித்தியிடமிருந்து வாங்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. "யாருக்கும் தரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா மாமா" என்றாள். "நான் யாரோ இல்லம்மா, அப்பன்" என்றேன். "அப்பனும் அந்த லிஸ்ட்லதான் இருக்கார்" என்றாள். அவள் வீட்டு ஸ்பீக்கர் இரண்டையும் பிரித்துச் சரி பண்ணிக் கொடுத்து, கூலியாக இந்த முகவரியை வாங்கினேன். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல கூலி கிடைத்ததில்லை.

போனே வேண்டாம் என்று நீ முடிவு பண்ணினது சரிதான். நீ தோழிக்கு அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவை டிவியின் வம்பு நிகழ்ச்சியில் போட்டுக் காட்டினால், நானாக இருந்தால் வாயையே தைத்துக்கொண்டிருப்பேன். அதனால் கடிதம். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன் எழுதுவது, பொறுத்துக்கொள்.

ஐந்து மாதம் ஆகிறது. குரல் போட்டியில், ஆள் தெரியாமல் திரைக்குப் பின்னால் நின்று பாடும் திரைச் சுற்றில் நீ பெயரை மாற்றிப் பாடினாய். நடுவர் நாற்காலியில் இருந்த உன் அம்மா, பாட்டுப் பிடித்தால் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தவில்லை. திரை விலகியதும் ஊரே பார்த்தது. மறுநாள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

ஒரு சேதி மட்டும். உன் அம்மா மறுபடி ஆல்பம் பண்ணுகிறாள். பத்தொன்பது வருஷம் கழித்து! 'பெத்த மகளுக்கே சலுகை காட்டாத பாப் ராணி' என்று எல்லாரும் எழுதினார்கள் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய கம்பெனி தேடி வந்தது. ஆல்பத்துக்குப் பெயர் 'விட்ட இடத்திலிருந்து'. விட்ட இடம் எது என்று அவளுக்கே சரியாக நினைவில்லை, நான்தான் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போட்டால் சந்தோஷம். போடாவிட்டால் அடுத்த கடிதத்தையும் நானே போடுவேன்.

இப்படிக்கு,
லிஸ்டில் இருக்கும் அப்பா


பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஏணியில் ஏறி ஸ்பீக்கர் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டீர்களா?

சித்தியை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

காது கேட்கும் கருவி பொருத்தும் இடம் ஒன்றில் வேலை. படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான். காலையில் ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட்டு. வருகிறவர்களைச் சத்தம் நுழையாத சின்ன அறையில் உட்கார வைத்து, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று தாளில் கோடு போடுவேன். பெரும்பாலும் வயசானவர்கள். "எனக்கு நல்லாத்தாம்மா கேக்குது, இவ முணுமுணுன்னு பேசறா" என்று மனைவியைக் கை காட்டாத கணவர் இதுவரை ஒருவர்கூட வரவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டிக்கு நான் ஜெயிக்கப் போகவில்லை. இவள் இன்னாருடைய மகள் என்று தெரியாமல் அம்மா ஒரு தடவை என் பாட்டைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் கை தானாகப் பொத்தானுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அழுத்தாமல் விட்டதுகூடப் பரவாயில்லை அப்பா. திரை விலகி என்னைப் பார்த்த பிறகு, மைக்கைப் பிடித்து, "போட்டியில உறவு கிடையாது" என்றாளே. யாரென்று தெரிந்தே விட்ட மாதிரி. எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதுங்கள். அம்மாவைப் பற்றி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்


பிப்ரவரி 11

அன்புள்ள சில்வண்டுக்கு,

நலம். முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, அதாவது வலிக்கிறது. ஏணியை விட்டாயிற்று. இப்போது கீழே நின்றுகொண்டு ஏறுகிறவனுக்கு யோசனை சொல்கிறேன். அது இன்னும் களைப்பான வேலை.

அம்மாவைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாய். சரி. நான் மாடி வக்கீலைப் பற்றி எழுதுகிறேன். அவர் முந்தாநாள் படியிறங்கி வந்தார். "சார், உங்க வீட்டு டிவில என்ன ஓடுதுன்னு எனக்கு வசனத்தோட தெரியுது. நேத்து அந்த மாமியார் செஞ்சது ரொம்ப அநியாயம். இருந்தாலும் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார். நான் குறைத்தேன். ஒருவர் வந்து ஏற்றினார். ஒருவர் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி.

பார்சல்காரர் ஒருநாள் வாசல் மணியைப் பதினைந்து நிமிடம் அழுத்திவிட்டு, 'வீட்டில் ஆள் இல்லை' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் ஆள் கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தது. நான் மைக்செட் கடையிலிருந்து வந்து சீட்டைக் காட்டினால், "மணி ரிப்பேர், உங்க கடை சாமான் எல்லாமே இப்படித்தான்" என்று எனக்கே திட்டு. மணியை அமுக்கிப் பார்த்தேன். சிங்கம் மாதிரி அடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான அன்று கற்ற பாடம்.

பத்திரிகை வம்பும் கொஞ்சம் வைத்துக்கொள். 'இரு நடுவர்களுக்குள் பனிப்போர்!' என்று அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். விஷயம் இதுதான். படப்பிடிப்பில் பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்கார நடுவர் குனிந்து ஏதோ ஜோக் சொன்னாராம், இந்தப் பக்கம் இருந்தவர் சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவர் சொன்ன ஜோக்கை நானும் கேட்டிருக்கிறேன். சிரிக்காததில் தப்பே இல்லை.

ஆல்பத்துக்கு இசை அமைக்கிறவன் எப்போதும் தொப்பியோடு இருக்கும் ஒரு பொடியன். தூங்கும்போதாவது கழற்றுவானா என்று கேட்க வேண்டும். நல்ல பிள்ளை. என்னை 'சார்' என்கிறான். முப்பது வருஷம் மைக்செட் போட்டவனை 'சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சொன்ன சொல் காக்கும் அப்பா


மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். படித்து முடித்து மடித்து வைத்தேன். மறுநாள் வேலைக்கு நடுவில் அதை எடுத்து மறுபடி படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அம்மாவைப் பற்றி எழுதக் கூடாது என்று நானே சொன்னேன், நானே கேட்கிறேன்.

நீங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால் அம்மா திரும்புகிறாளா? பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்கிறாளா, வாயைப் பார்க்கிறாளா? கெட்டில் கொதித்து விசில் அடித்தால் யார் போய் அடுப்பை அணைக்கிறார்கள்? பெண் குரலைவிட ஆண் குரல் அவளுக்குச் சுலபமாகப் புரிகிறதா? கண்ணாடிக்கார நடுவர் அம்மாவுக்கு எந்தப் பக்கம் உட்காருகிறார்?

உடனே பதில் வேண்டும்.

அன்புடன்,
மகள்


மார்ச் 9

அன்புள்ள சில்வண்டுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

என்னம்மா இது, கடிதமா, கேள்வித்தாளா! கேள்வித்தாள் என்றாலே எனக்கு வியர்த்துவிடும் என்பது உனக்குத் தெரியும். எனக்கு என்ன தெரியும்? ஒயரைப் பார்த்து எது போகிறது, எது வருகிறது என்று சொல்வேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வயசானால் கவனம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். எனக்கும்தான் உன் அம்மா கடைக்குப் போகச் சொன்னால் கேட்பதில்லை.

கெட்டிலை நான்தான் அணைக்கிறேன். நான்தான் தேநீர்ப் பைத்தியம்.

பருவம் தப்பி மழை தொடங்கிவிட்டது. கடையில் ஒழுகுகிறது. ஜூன் மாதம் போட்டியின் இறுதிச் சுற்று. அன்றைக்கு மேடையில் புதுப் பாட்டை நேரடியாகப் பாடி, அன்றே ஆல்பத்தை வெளியிடுவதாக ஏற்பாடு. எல்லாரும் பரபரப்பாக இருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா


மார்ச் 20

அப்பா,

நீங்கள் எழுதிய கடிதங்களிலேயே ஒரு ஜோக்கும் ஒட்டாத முதல் கடிதம் அதுதான். கெட்டில் ஜோக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தினமும் பத்துப் பேரைப் பார்க்கிறேன். கூட வருகிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவருக்கு முன்பே தெரியுமா, இன்றுதான் தெரிகிறதா என்று. கடிதத்திலும் தெரிகிறது.

மேடையில் வேலை பார்த்தவர்களுக்குக் கீச்சென்ற மேல் சத்தங்கள்தான் முதலில் போகும். வாசல் மணி, விசில் எல்லாம் போகும். குரலில் அடிப்பகுதி கேட்கும், மேல்பகுதி கேட்காது. அந்த மேல்பகுதியில்தான் இது இன்னார் குரல் என்கிற அடையாளம் இருக்கிறது. திரைக்குப் பின்னால் யாரோ பாடுகிறார்கள் என்பது மட்டும் கேட்கும். தன் மகள் என்பது கேட்காது.

இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உங்களுக்கு எப்போது தெரியும்?

நீங்கள் மைக்செட்காரர், அப்பா. அம்மா பாடின எல்லா மேடையிலும் பக்கத்தில் நின்றவர். உங்களுக்குத் தெரியாமல் அவளுக்குக் காது போயிருக்க முடியாது. எனக்கு உண்மை வேண்டும். தமாஷ் வேண்டாம்.

மகள்


மே 4

அன்புள்ள மகளுக்கு,

ஆறு வாரமாக நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் ஏதாவது ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் வராமல் பார்க்கிறேன்.

தெரியும். நான்கு வருஷமாகத் தெரியும்.

ஒரு தொழிற்சாலை ஆண்டு விழாவில்தான் முதலில். பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்காகக் காலடியில் ஒரு ஸ்பீக்கர் வைப்போமே, மானிட்டர், அதை உன் அம்மாவுக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டிக் குறைக்கும் என் மிக்சரில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். பதினைந்து வருஷம் அந்தப் புள்ளியைத் தாண்டியதே இல்லை. அன்றைக்கு நடுப்பாட்டில் என் பக்கம் திரும்பி, கட்டை விரலை மேலே காட்டினாள். 'இன்னும் கொஞ்சம் கூட்டுங்க.' கூட்டினேன். அடுத்த மேடையிலும் அதே கட்டை விரல். மூன்றாவது மேடையில் அவள் விரலைக் காட்டும் முன்பே நானே கூட்டி வைத்தேன். ஜனங்கள் பார்க்கும்படி அவள் கேட்க வேண்டாமே என்று. போன வருஷம் பக்கத்தில் நின்ற கிடார்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசித்தார்.

வீட்டிலும் அதே வேலைதான். யாராவது கேட்டதற்கு அவள் பதில் சொல்லாவிட்டால், முந்திக்கொண்டு நான் சொல்வேன். 'மனைவியைப் பேச விடாத மனுஷன்' என்று உன் சித்திக்கே என் மேல் கோபம். நாங்கள் இருவரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசினதே இல்லை. அவள் கேட்க மாட்டாள், நான் சொல்ல மாட்டேன்.

அந்தத் திரைச் சுற்று நாள். உன் அம்மாவுக்குத் துணையாகப் போன நான் ஒலி அறையில் ஹெட்போனோடு இருந்தேன். நீ வருவது எனக்கும் தெரியாது. ஆனால் பாட்டு தொடங்கும் முன் நீ மூச்சு எடுத்தாய் பார், அதிலேயே தெரிந்துவிட்டது. கண்ணாடி வழியாக உன் அம்மாவைப் பார்த்தேன். கை பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முகத்தைச் சுருக்கிக்கொண்டு, கூட்டத்தில் தொலைந்த ஆளைத் தேடுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஓடியிருக்கலாம். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்து, "அவளா அது? எனக்கு யாரோ கம்பளிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருந்துதுங்க" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீயும் அந்த 'யாரிடமும்' என்பதில் அடக்கமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ போயிருக்க மாட்டாய்.

அவள் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு உன்னைக் கொடுத்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அப்பா


மே 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதம் வந்து இரண்டு நாள் வேலையில் தாளில் கோடு தப்புத் தப்பாக விழுந்தது. மேலதிகாரி, "காய்ச்சலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். உங்களைப் போலவே நானும் கிழித்தேன். மிஞ்சியதை எழுதுகிறேன்.

நீங்கள் கூட்டி வைத்த சத்தம்தான் அப்பா, மிச்சம் இருந்த காதையும் தின்றிருக்கும். இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். யாருக்கும் எதையும் மறைத்து நல்லது பண்ணும் வேலை நம் குடும்பத்தில் இனி வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். போனது திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றலாம். நல்ல கருவி இருக்கிறது.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் அம்மாவை இங்கே அனுப்புங்கள். நேரடியாக மேடையில் பாடினால் பக்கத்தில் நீங்கள் எவ்வளவு கூட்டினாலும் அவளால் சுருதியைப் பிடிக்க முடியாது. நாடே பார்க்கும். அவள் தனியாக வரட்டும். நீங்கள் கூட வந்தால் அவளுக்குப் பதில் நீங்களே பேசுவீர்கள்.

எனக்குத் தெரியும் என்று அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மகள்


மே 28

அன்புள்ள சில்வண்டுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம் என்ற வார்த்தையை இப்போதைக்குப் போட முடியாது.

காலையில் அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் என் வாயில் விழும்படி எதிரில் உட்கார்ந்து சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"கடிதத்துல."

"எத்தனை பக்கம்?"

"நாலு இருக்கும்."

"நாலு வருஷமா என்கிட்ட இதைப் பத்தி நாலு வார்த்தை பேசல. அவளுக்கு நாலு பக்கமா?"

"நீ கேட்கலையே."

"நான் கேட்கலையாம்! கேட்காதுன்னுதானே எல்லாப் பிரச்சினையும்!"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், ரொட்டி கருகினது மாதிரி முகம் ஆகிவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்காமல், "என்னைப் பார்க்க வரச் சொல்லியிருக்காளா, சிகிச்சைக்கு வரச் சொல்லியிருக்காளா?" என்று கேட்டாள். "முகவரி ஒண்ணுதான்" என்றேன்.

போவதாகச் சொல்லிவிட்டாள். ரயிலில் யாரும் அடையாளம் கண்டுபிடிக்காமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் துணி எல்லாம் எடுத்து வைத்தாள். "டிவி மேக்கப் இல்லாம யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, கவலைப்படாதே" என்று ஆறுதல் சொன்னேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

திங்கள்கிழமை காலை பத்தரைக்கு வந்து சேருவாள். நிலையத்தில் பின்னாலிருந்து கூப்பிடாதே. எதிரில் போய் நில்.

அப்பா


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். எதிரில் போய் நின்றேன். கறுப்புக் கண்ணாடியோடு என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, "இளைச்சுட்டே" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

பரிசோதனை செய்தேன். தாளில் கோடு இடது பக்கம் ஒழுங்காகத் தொடங்கி, வலது பக்கம் போகப் போகச் சரிந்து விழுகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என் ஆல்பம் விற்பனை மாதிரியே இருக்கு" என்றாள். உங்களோடு இருந்து இருந்து அவளும் கெட்டுப் போயிருக்கிறாள்.

கருவி பொருத்தின அன்று தெருவில் நடந்து வரும்போது தன் செருப்புச் சத்தத்தையே நின்று நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "திரை விலகினப்ப, தெரியலன்னு சொல்லியிருக்கலாமே?" தலை குனியாமல்தான் பதில் சொன்னாள். "செவிடின்னு பேர் எடுக்கறதைவிடக் கல்நெஞ்சக்காரின்னு பேர் எடுக்கறது சுலபமா இருந்துது. அந்த அஞ்சு செகண்ட்ல அதுதான் வாய்ல வந்துது. கை வேற தட்டிட்டாங்க. அப்புறம் மாத்த முடியல." நான் எழுந்து போய்விட்டேன். சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறும் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் விஷயம்.

மூன்றாம் நாள் தன் ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்றாள். போட்டேன். முதல் பாட்டு முடியும் முன்பே நிறுத்தச் சொன்னாள். "இது யாரு?" என்றாள். "நீதாம்மா." "நான் இல்ல. இது மெஷின். ஒவ்வொரு சுரமா இழுத்து வெச்சுத் தைச்சிருக்கான். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு." உடனே தொப்பிக்காரருக்குப் போன் செய்தாள், கருவி போட்ட காதோடு, ஸ்பீக்கரில் போடாமல். அவர் முதலில் ஏதேதோ மழுப்பினார், ஒட்டி நின்ற எனக்கும் கேட்டது. பிறகு, "ரெக்கார்டிங்லயே சுருதி விலகுச்சு மேடம். சார்தான் உங்களுக்குத் தெரியாம சரி பண்ணச் சொன்னார்" என்றார்.

எனக்கு எழுதிய நான்கு பக்கத்தில் இதை நீங்கள் எழுதவில்லை, அப்பா.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் மறைக்கறேன்னு நினைச்சேன். எல்லாருமா சேர்ந்து என்கிட்டேருந்து மறைச்சிருக்கீங்க. முப்பது வருஷமா ஒவ்வொரு பாட்டும் முடிஞ்சதும் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். தலையாட்டினா போதும், நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். அந்த முகமும் பொய்யா?" என்றாள்.

ஆல்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். இறுதிச் சுற்றில் பாடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். காரணம் கேட்ட கம்பெனிக்காரரிடம், "காது கேக்கல. அப்படியே எழுதிக்கோங்க" என்றாள். இதற்குள் 'மேடைக்குப் பயந்து ஓடிய பாப் ராணி' என்று வந்திருக்கும். படித்திருப்பீர்கள். அவள் கவலைப்படவில்லை. சுருதியை நன்றாக இறக்கி, இயந்திரம் இல்லாமல், எல்லாப் பாட்டையும் மறுபடி பாடப் போகிறாளாம். தொப்பிக்காரர் சம்மதித்துவிட்டார். கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த உறையில் ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். அம்மா என் அறையில் உட்கார்ந்து பாடியது. நடுவில் நானும் கொஞ்சம். இது என் யோசனை இல்லை, அவளுடையது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கேட்டுட்டு உள்ளதை எழுதச் சொல்லு. தலையாட்டினா நான் வீட்டுக்கு வரமாட்டேன்."

பயமுறுத்தலுக்காகச் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


ஜூலை 1

என் வீட்டுக்காரிக்கு,

நலமா என்று உன்னைக் கேட்டு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எந்நேரமும் பக்கத்திலேயே இருந்ததால் கேட்க வேண்டி வரவில்லை. நலமா?

தொப்பிக்காரனிடம் சொன்னது நான்தான். மகளுக்கு எழுதும்போது அதை மட்டும் விட்டதும் தெரிந்தேதான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி காட்டிக்கொண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டால் நீ 'பரவால்ல' என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம், உன் பாட்டைப் பதினோரு தடவை கேட்டேன். மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நல்ல ஹெட்போனில். மிக்சரில் போட்டுக் கேட்கவில்லை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உள்ளதை எழுதுகிறேன். கரண்ட் அடித்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

பல்லவியில் முதல் வரி சரி. இரண்டாவது வரியில் மூச்சு பற்றாமல் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டாய். மூச்சைப் பாதியிலேயே எடுத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது சரணத்தில் மேலே போகிற இடத்தில் சுருதி இறங்கியிருக்கிறது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே இறங்கியிருக்கிறது. முதல் தடவை கேட்டபோது என் கை தானாகத் தலையைப் பிடித்துக்கொண்டது. போன வருஷமாக இருந்தால், 'பிரமாதம்' என்றிருப்பேன். பிரமாதம் இல்லை. அந்த இடத்துக்கு நீ போகவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மெட்டை அங்கே கீழே திருப்பச் சொல்.

நம் பெண் சேர்ந்து பாடுகிற இடத்தில் அவள் சுருதி சுத்தம். நீ முதலில் விலகித்தான் நுழைகிறாய். பிறகு அவளைக் கேட்டுக் கேட்டு நகர்ந்து வந்து சேருகிறாய். சேருவதற்கு ஒரு வரி முழுக்க ஆகிறது. அதைத் தொப்பிக்காரன் சரி பண்ணுகிறேன் என்பான். பண்ண விடாதே. இது என் ஆசை. தொழில்படி பார்த்தால் அது தப்புதான்.

கடைசி நான்கு வரியை ரொம்பத் தாழ்ந்த குரலில் பாடியிருக்கிறாய். அந்தக் குரல் எனக்குத் தெரியாத குரல். முப்பது வருஷம் உன் குரலுக்குப் பெட்டி தூக்கினவன் சொல்கிறேன், இப்படி ஒரு குரல் உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் நீ நம்புவதற்கு நான் வழி வைக்கவில்லை. அதனால் நம்ப வேண்டாம். சில்வண்டிடம் கேட்டுக்கொள். அவள் முகத்தைப் பார். எனக்கு முறை வரும்போது வரட்டும்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. மாடி வக்கீல் இறங்கி வந்து, "எல்லாம் சௌக்கியம்தானே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது சரணத்தை மட்டும் மறுபடி பாடி அனுப்பு.

இப்படிக்கு,
கேட்டுக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரர்